மரத்துப்போன பாதத்தில் 2.2 டிகிரி

சர்க்கரை நோயாளிகளின் பாத வெப்பத்தைப் பற்றி எதைப் படித்தாலும் 2.2 டிகிரி செல்சியஸ் என்ற எண் வந்துவிடும். இரண்டும் இல்லாமல் இரண்டரையும் இல்லாமல் இது என்ன கணக்கு என்று தோன்றும். அமெரிக்காவில் ஆய்வு செய்தவர்கள் 4 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வைத்த எல்லை, செல்சியஸுக்கு மாறும்போது 2.2 ஆகிவிட்டது, அவ்வளவுதான். நம் வீடுகளில் காய்ச்சலை இன்றும் ஃபாரன்ஹீட்டில்தான் பார்க்கிறோம். ஆகவே 4 என்றே மனதில் வைத்துக்கொள்வது சுலபம்.

ஒரு பாதத்தில் ஓரிடத்தின் வெப்பத்தை அளந்து, மறு பாதத்தில் அதே இடத்தின் வெப்பத்தோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, மறுநாளும் அப்படியே இருந்தால், சூடான பக்கத்தில் தோலுக்கடியில் திசு அழற்சி கண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் தோல் கிழிந்திருக்காது. உள்ளங்காலின் தடித்த தோலில் சிவப்பும் பெரும்பாலும் தெரியாது. நரம்பு கெட்ட காலில் வலி கிடையவே கிடையாது. வெளியே தெரியும் ஒரே அடையாளம் அந்தச் சூடுதான்.

இந்த யோசனைக்கும் வேலூருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கை கால்களைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சையைப் பல ஆண்டுகள் செய்தவர். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி விழும் என்று ஊரே நம்பிய காலம் அது. உணர்ச்சி போன காலை நோயாளி ஓய்வு கொடுக்காமல் பயன்படுத்துவதால்தான் அது சிதைகிறது என்று அவர் காட்டினார். 1960களில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, மரத்த பாதங்களில் அழற்சி எங்கே தொடங்குகிறது என்பதை வெப்பப்படக் கருவியால் பார்க்கும் வேலையை அவரும் அவருடைய குழுவினரும் 1970களில் செய்தார்கள். சர்க்கரை நோய்ப் பாதத்துக்கும் இதே கணக்குதான் என்று பிறகு தெரிந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவமனைகளில் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். எனும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பும் தொழுநோய்ச் சிகிச்சையிலிருந்து வந்த சொத்துதான்.

ஆணி குத்தினால் ஒரே நொடியில் காயம் ஆகிவிடும். ஆனால் உள்ளங்காலில் வரும் புண்களில் பெரும்பாலானவை அப்படி வருவதில்லை. மிதமான அழுத்தம் ஒரே இடத்தில், ஒவ்வொரு அடியிலும், ஆயிரக்கணக்கான முறை விழுகிறது. நாளைக்கு 5,000 அடி நடப்பவரின் ஒவ்வொரு காலும் 2,500 முறை தரையில் பதிகிறது. உணர்ச்சி இருக்கும் கால் என்றால், மாலைக்குள் அந்த இடம் கடுகடுக்கத் தொடங்கும். நாமே அறியாமல் பாதத்தைச் சற்றுச் சாய்த்து வைப்போம், செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவோம். மரத்த கால் அப்படி எதையும் செய்யாது. அதே இடம், அதே அழுத்தம், மறுநாளும். திசு வீங்குகிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது, வெப்பம் ஏறுகிறது. பல நாள் கழித்துத்தான் தோல் உடைகிறது. காலாணி இருந்தால் இன்னும் மோசம். தடித்த தோலுக்கடியில் ரத்தம் கசிந்து, மேலே பழுப்பு நிறப் புள்ளியாகத் தெரிந்து, அதைச் சீவி எடுக்கும்போது அடியில் புண் தயாராக இருக்கும்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உலக அளவிலான மதிப்பீடுகளின்படி, சர்க்கரை நோயாளிகளில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பாதப்புண் வரும். ஆறிய புண்ணும் சும்மா இருப்பதில்லை. ஓராண்டுக்குள் சுமார் 40 சதவீதம் பேருக்கு மறுபடி வருகிறது. வெப்பம் அளக்கும் முறை முதன்மையாக இவர்களுக்காகத்தான். அதாவது, ஏற்கெனவே ஒருமுறை புண் வந்து ஆறியவர்களுக்கும், விரலை இழந்தவர்களுக்கும், 10 கிராம் மோனோஃபிலமெண்ட் நூலால் தொட்டால் உணராதவர்களில் பாத எலும்பு வடிவம் மாறியவர்களுக்கும். சர்க்கரை இருக்கிறது, ஆனால் பாத உணர்ச்சி முழுமையாக இருக்கிறது என்பவர் இதில் காசும் நேரமும் போட வேண்டாம். தினமும் காலைக் கண்ணால் பார்ப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை முறையான பாதப் பரிசோதனையும் அவருக்குப் போதும்.

ஆய்வுகளில் என்ன வந்தது?

லாரன்ஸ் லேவரி, டேவிட் ஆர்ம்ஸ்ட்ராங் ஆகியோரின் குழு 2004-க்கும் 2007-க்கும் இடையே மூன்று சோதனைகளை வெளியிட்டது. அவற்றில் ஒன்றில் 225 பேரை 18 மாதம் கவனித்தார்கள். வீட்டில் வெப்பமானி வைத்து அளந்தவர்களில் 4.7 சதவீதம் பேருக்கும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 12.2 சதவீதம் பேருக்கும் புண் வந்தது. 173 பேரை 15 மாதம் பார்த்த இன்னொன்றில் வித்தியாசம் இன்னும் பெரிது: 8.5 சதவீதத்துக்கு எதிராக 29.3. அந்தச் சோதனையில் மூன்றாவதாக ஒரு பிரிவும் இருந்தது. அவர்கள் தினமும் கண்ணாடி வைத்துப் பாதத்தை முறையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டவர்கள். அவர்களுக்கும் 30.4 சதவீதம். மரத்த பாதத்தில் கண் பார்வை மட்டும் எவ்வளவு தாமதமாகச் சொல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டியதில்லை.

2017-ல் வெளியான இன்னொரு ஆய்வு, மேலே ஏறி 20 விநாடி நின்றால் வெப்பம் அளக்கும் ஒரு மிதியடியைப் பற்றியது. பங்கேற்றவர்கள் 129 பேர். 2.2 டிகிரியை எல்லையாக வைத்தபோது, வந்த புண்களில் 97 சதவீதத்தை அது சராசரியாக 37 நாள் முன்பே காட்டியது. ஐந்து வாரத்துக்கும் மேலான அவகாசம். ஆனால் அதே எல்லையில் பொய் எச்சரிக்கை விகிதம் 57 சதவீதம். எல்லையை 3.2 டிகிரிக்கு ஏற்றினால் பொய் எச்சரிக்கை 32 சதவீதமாகக் குறைந்தது, கூடவே கண்டுபிடிக்கும் திறனும் 70 சதவீதத்துக்கு இறங்கியது. இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால்தான் கணக்கு என்ற விதியின் அருமை இங்கேதான் புரியும். ஒருநாள் சூடு எதனாலும் வரும்.

பிறகு 2021-ல் நெதர்லாந்திலிருந்து வந்தது 304 பேரை 18 மாதம் பார்த்த சோதனை. வெப்பம் அளக்கும் கருவியைக் கொடுத்ததால் மட்டும் மொத்தத்தில் புண்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சூடான இடம் தெரிந்ததும் நடையைக் குறைத்தவர்களிடம் குறைந்தது. இந்தத் துறையில் இதைவிட முக்கியமான முடிவு வேறு எதுவும் இல்லை என்பது என் கருத்து. கருவி புண்ணைத் தடுப்பதில்லை. எண்ணைப் பார்த்தவர் உட்கார வேண்டும்.

எதை வைத்து அளப்பது?

வீட்டுக்கு அகச்சிவப்பு வெப்பமானி போதும். கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேராக நீட்டிய துப்பாக்கி பல வீடுகளில் இன்னும் அலமாரியில் கிடக்கும். அதை அப்படியே பாதத்தில் வைத்தால் ‘லோ’ என்று காட்டும், அல்லது தவறான எண் காட்டும். காரணம், அது நெற்றித் தோலை அளந்து, உடலின் உள்வெப்பம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப்போட்டு மாற்றிக் காட்டுகிறது. பாதம் 26 முதல் 33 டிகிரி செல்சியஸில் இருக்கும், அந்தக் கணக்கு அங்கே பொருந்தாது. பொத்தானை அழுத்திப் பொருளின் மேற்பரப்பை அளக்கும் முறைக்கு மாற்ற வேண்டும். குழந்தையின் பால்புட்டி, குளியல் தண்ணீர் ஆகியவற்றை அளக்கும் முறை என்று பெட்டியில் போட்டிருப்பது அதுதான். அந்த வசதி இல்லாத கருவி இதற்கு உதவாது.

தொழிற்சாலைகளில் பயன்படும் லேசர் புள்ளி போட்ட வகையை வாங்கினால் இரண்டைக் கவனிக்க வேண்டும். தூரத்துக்கும் அளக்கும் வட்டத்துக்கும் உள்ள விகிதம் 12-க்கு 1 என்றால், 24 செ.மீ. தள்ளிப் பிடிக்கும்போது 2 செ.மீ. வட்டத்தின் சராசரியை அது காட்டுகிறது. சுண்டுவிரல் மேட்டை அளக்க 10 செ.மீ.க்குள் கொண்டுவர வேண்டும். அவ்வளவு அருகில் லேசர் புள்ளி, அளக்கும் வட்டத்தின் நடுவில் விழாது. லேசர் குழல் லென்ஸுக்குச் சற்று மேலே இருப்பதால் புள்ளி ஓரமாக விழும். ஆகவே அருகில் வைக்கும்போது லேசரை நம்பாமல் லென்ஸையே நேராக அந்த இடத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். தோலின் உமிழ்திறன், அதாவது வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளிவிடும் திறன், 0.98 (முழுமை என்றால் 1). மலிவான கருவிகளில் 0.95 என்று நிலையாக வைத்திருப்பார்கள். இரண்டு காலுக்கும் ஒரே பிழை என்பதால் வித்தியாசம் பார்க்கும்போது அது பெரிதாகப் பாதிக்காது.

கிளினிக் என்றால் வெப்பப்படக் கேமரா. ஒரே படத்தில் உள்ளங்கால் முழுவதும் கிடைக்கும் என்பதுதான் அதன் பலம். ஆறு புள்ளிகளை மட்டும் தொட்டுப் பார்த்தால், ஏழாவது இடத்தில் இருக்கும் சூடு தப்பிவிடும். போனில் மாட்டும் ஃப்ளிர் ஒன் ப்ரோ போன்றவற்றில் 160×120 பிக்சல் இருக்கிறது. பெட்டியில் துல்லியம் 3 டிகிரி கூடவோ குறையவோ என்று போட்டிருப்பதைப் பார்த்து, 2.2-ஐ இது எப்படிக் காட்டும் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்த 3 டிகிரி, உண்மையான வெப்பத்துக்கும் கருவி காட்டும் எண்ணுக்கும் இடையே இருக்கக்கூடிய தவறு. ஒரே படத்தில் இருக்கும் இரண்டு பாதங்களும் ஏறக்குறைய ஒரே அளவு தவறுவதால், கழித்துப் பார்க்கும்போது அந்தத் தவறின் பெரும்பகுதி போய்விடும். அதனால்தான் இரண்டு பாதங்களும் ஒரே படத்தில் விழ வேண்டும். இடதை ஒருமுறை, வலதை ஒருமுறை தனித்தனியே எடுத்து ஒப்பிட்டால் இந்த லாபம் இல்லை.

இன்னொரு கணக்கு, தூரம். அந்தக் கேமராவின் பார்வைக் கோணம் கிடைமட்டமாகச் சுமார் 55 டிகிரி. 80 செ.மீ. தள்ளி வைத்தால் 83 செ.மீ. அகலம் படத்தில் விழும், ஒரு பிக்சலுக்கு 5 மி.மீ. வரும். 50 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் சுமார் 3.3 மி.மீ. ஓர் இடத்தின் வெப்பத்தை நம்பிச் சொல்லக் குறைந்தது 3×3 பிக்சல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 50 செ.மீ. தூரத்தில் 1 செ.மீ. அகல இடம்வரை பிடிக்கலாம். விரல் மேடுகளுக்கு இது போதும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் விரும்பி எடுக்கும் எம்.எல்.எக்ஸ். 90640 என்ற வெப்பப்படச் சென்சாரில் இருப்பது 32×24 பிக்சல். 40 செ.மீ. தூரத்தில் ஒரு பிக்சல் 1 செ.மீ.க்கும் பெரிது. முன்பாதம், நடுப்பாதம், குதிகால் என்று பகுதி பகுதியாகச் சராசரி எடுக்கலாமே தவிர, ஒரு மேட்டின் சூட்டை அதில் தனியாகப் பிரிக்க முடியாது. 8×8 சென்சாரை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

படம் எடுக்கும் முறை

அறை 22 முதல் 24 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கோடையில் சென்னையிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத அறை 34 டிகிரியில் இருக்கும்போது பாதமும் ஏறக்குறைய அதே வெப்பத்துக்கு வந்துவிடும். தோலுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் படம் முழுதும் ஒரே நிறமாகத்தான் வரும், அழற்சி அதில் கரைந்துபோகும். ஏசிக் காற்றோ மின்விசிறிக் காற்றோ நேராகக் காலில் படக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் காற்று பட்டாலே இல்லாத வித்தியாசம் முளைத்துவிடும்.

செருப்பு, சாக்ஸ் கழற்றி, கால்களை நீட்டிப் படுக்கவைத்து 15 நிமிடம் விட வேண்டும். அந்த நேரத்தில் பாதம் எதையும் தொடக்கூடாது. தரையில் வைத்தால் மொசைக்கின் குளிர் ஏறும். கால்மேல் கால் போட்டால் தொட்ட இடம் சூடாகும். கால் கழுவிவிட்டு வந்தவர் என்றால் விரலிடுக்கில் ஈரம் இருக்கும், அது ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். நன்றாகத் துடைத்துவிட்டு 15 நிமிடத்தை அப்போதிலிருந்து எண்ணுங்கள். தேங்காயெண்ணெய், மஞ்சள், களிம்பு, பவுடர் எதுவும் அன்று காலையிலிருந்தே பூசியிருக்கக் கூடாது. மெட்டியைக் கழற்றச் சொல்லுங்கள். பளபளக்கும் வெள்ளி தன் வெப்பத்தை உமிழ்வதைவிடச் சுற்றியிருப்பதைப் பிரதிபலிப்பதே அதிகம். படத்தில் அது ஒரு குளிர்ந்த வளையமாகத் தெரியும், பக்கத்துப் பிக்சல்களையும் கெடுக்கும். கழற்ற முடியவில்லை என்றால் அந்த விரலைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

கணுக்காலுக்குப் பின்னால் உடம்பும் துணியும் படத்தில் விழாமல் இருக்க, ஓர் அட்டையில் இரண்டு கால் போகும் அளவு வெட்டி, கறுப்புத் துணி ஒட்டி மாட்டினால் பாதத்தின் ஓரம் சுத்தமாகப் பிரியும். கேமரா உள்ளங்காலுக்கு நேரெதிரே இருக்க வேண்டும். பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தால் சுண்டுவிரல் பக்கம் சரிவாகத் தெரிந்து எண் குறையும்.

அடுத்தது கேமராவின் ‘டிக்’ சத்தம். சில நொடிகளுக்கோ சில நிமிடங்களுக்கோ ஒருமுறை உள்ளே ஒரு சின்னத் தகடு லென்ஸை மூடித் திறக்கும். அந்தத் தகட்டை ஒரே வெப்பமுள்ள பரப்பாக வைத்துக்கொண்டு கேமரா தன் பிக்சல்களைச் சரிசெய்துகொள்கிறது. அதற்குமுன் காட்டிய எண்ணும் பின் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்காது. போட்டவுடன் முதல் சில நிமிடங்கள் இந்தத் தாவல் அதிகம். ஆகவே நோயாளி படுத்து ஓய்வெடுக்கும் அந்த 15 நிமிடமும் கேமரா ஓடிக்கொண்டிருக்கட்டும். டிக் கேட்டபின் இரண்டு மூன்று விநாடி கழித்துப் படம் எடுங்கள். போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது எடுக்காதீர்கள், போனின் சூடே கேமராவைக் கெடுக்கும்.

கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க விலையில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறத்தில் எலக்ட்ரீஷியன் பயன்படுத்தும் கறுப்பு டேப்பை ஒட்டுங்கள். வெறும் எவர்சில்வர் அகச்சிவப்புக்குக் கண்ணாடி மாதிரி, டேப்போ 0.95 அளவு உமிழும். டம்ளரில் 30 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கலக்கி, உள்ளே நல்ல வெப்பமானி ஒன்றைப் போட்டு, பாதங்களுக்குப் பக்கத்தில் படத்துக்குள் வையுங்கள். கேமரா டேப்பில் காட்டும் எண்ணையும் வெப்பமானி எண்ணையும் ஒவ்வொரு நாளும் குறித்து வந்தால், கருவி எந்தப் பக்கம் நழுவுகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

படத்தைப் படிப்பது

நிறத்தை நம்பக் கூடாது. கேமரா தானாக அளவுகோலை மாற்றிக்கொள்ளும் நிலையில் இருந்தால், பாதம் முழுவதிலும் அரை டிகிரி வித்தியாசம்தான் இருந்தாலும் அதில் சூடான இடத்தை அடர் சிவப்பாகக் காட்டும். நோயாளி பயந்துபோவார். அடுத்தவருக்கு 3 டிகிரி வித்தியாசம் இருந்தும் அதே சிவப்புதான். அளவுகோலை 24 முதல் 34 டிகிரி என்று பூட்டிவிடுங்கள். எல்லாருக்கும், எல்லா நாளும் அதே. சேமிக்கும்போது ஒவ்வொரு பிக்சலின் வெப்பமும் உள்ள கோப்பாகச் சேமிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நிறப்படத்திலிருந்து எண்ணை நம்பும்படி மீட்டெடுக்க முடியாது.

ஆரோக்கியமான பாதங்களில் உள்வளைவு கொஞ்சம் சூடாகவும் விரல் நுனிகளும் குதிகாலும் குளிர்ந்தும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விரித்த பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக வரும். பார்க்க வேண்டிய இடங்கள் பெருவிரல், பெருவிரல் மேடு, நடுவிரல் மேடு, சுண்டுவிரல் மேடு, நடுப்பாதம், குதிகால். அதோடு, முன்பு புண் இருந்த இடம் எதுவானாலும். ஒவ்வொன்றிலும் 1.5 செ.மீ. வட்டத்தின் சராசரியை எடுங்கள். உச்ச எண்ணை எடுத்தால் ஒரே ஒரு பழுதான பிக்சல் ஏமாற்றிவிடும்.

தையல் இயந்திரம் மிதிக்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஃபாரன்ஹீட்டில், இடது வலது என்று: பெருவிரல் 86.4, 86.9. பெருவிரல் மேடு 87.0, 87.4. நடுவிரல் மேடு 86.8, 87.4. சுண்டுவிரல் மேடு 86.5, 91.3. நடுப்பாதம் 88.0, 88.4. குதிகால் 85.1, 85.6. சுண்டுவிரல் மேட்டில் 4.8 வித்தியாசம். ஆனால் வலது பாதம் எல்லா இடத்திலும் அரை டிகிரி அளவு கூடுதலாகவே இருக்கிறது, அது அவருடைய வழக்கம். அதைக் கழித்தாலும் 4.3 நிற்கிறது. மறுநாளும் 4-க்கு மேல் இருந்தால் இனி யோசிக்க எதுவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு வழக்க வித்தியாசம் இருக்கும். பாதம் நன்றாக இருக்கும்போதே முதல் இரண்டு வாரம் தினமும் எழுதிவைத்தால்தான் அது தெரியவரும்.

வீட்டில் அளப்பதற்குக் காலையில் எழுந்ததும், தரையில் கால் வைப்பதற்கு முன் உள்ள நேரம் நல்லது. போர்வையை விலக்கி, மின்விசிறியை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து. சர்க்கரை பல ஆண்டு இருந்தவருக்குக் கண் பார்வை மங்கியிருக்கலாம், முழங்கால் மடங்காமல் இருக்கலாம். தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாதவர்தான் அதிகம். மகளோ மருமகளோ பேரனோ அளந்து நோட்டில் எழுதும் ஏற்பாடு இல்லாமல் கருவியை மட்டும் வாங்கிக் கொடுத்தால் மூன்றாவது வாரம் அது நின்றுபோகும்.

எங்கே ஏமாற்றும்?

பைக்கில் வந்து இறங்கியவரின் ஒரு கால், இன்ஜின் பக்கமோ சைலன்சர் பக்கமோ இருந்ததால் சூடாக இருக்கும். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றியவரின் இரண்டு பாதங்களுமே சூடேறியிருக்கும். மரத்த காலோடு அப்படிச் சுற்றக்கூடாது என்பது வேறு விஷயம், கல் சுட்டுக் கொப்பளித்தாலும் அவருக்குத் தெரியாது. பூச்சிக்கடி, சேற்றுப்புண், ஆறிக்கொண்டிருக்கும் சிராய்ப்பு, இவையும் சூடாகத்தான் தெரியும்.

இதைவிட ஆபத்து, காட்ட வேண்டிய இடத்தில் காட்டாமல் போவது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்திருந்தால் பாதம் குளிர்ந்திருக்கும். அதில் சீழே பிடித்திருந்தாலும், சூடு ஏறி ஏறி மற்றக் காலின் அளவுக்குத்தான் வந்திருக்கும். கழித்தால் பூஜ்யம். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் அழற்சி இருந்தாலும் பூஜ்யம்தான். ஆகவே ஒரு பாதம் மறு பாதத்தைவிட 2 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்தால் அதையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, பாதத்தின் மேற்புறமும் உள்கணுக்காலுக்குப் பின்னும் நாடி பார்க்க வேண்டும். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடும் சோதனை செய்தால், கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்து 1.3-க்கு மேல் வருவதைப் பார்த்து மகிழக் கூடாது. சர்க்கரை நோயில் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டால் அப்படித்தான் பொய்யாக ஏறும். கால்விரலில் அழுத்தம் எடுப்பதுதான் அப்போது நம்பகமானது.

இணையத்தில் இதற்கான செயற்கை நுண்ணறிவுக் கட்டுரைகள் ஏராளம், 98 சதவீதம், 99 சதவீதம் என்று. அவற்றில் பல, மெக்சிகோவில் சேகரித்து 2019-ல் பொதுவில் வைத்த 334 உள்ளங்கால் வெப்பப்படங்களைக் கொண்டவை. அந்தத் தொகுப்பில் 122 பேர் சர்க்கரை நோயாளிகள், 45 பேர் நோயில்லாதவர்கள். அதில் பயிற்சி பெற்ற நிரல் சொல்வது, இந்தப் பாதத்துக்கு உரியவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்பதை. அது அவருக்கே தெரியும்! நமக்கு வேண்டியது அடுத்த மாதம் இந்த இடத்தில் புண் வருமா என்பது. அதற்கு ஒரே ஆளை மாதக்கணக்கில் பின்தொடர்ந்த படங்கள் வேண்டும். ஒருவரின் இடது பாதத்தைப் பயிற்சிக்கும் வலது பாதத்தைச் சோதனைக்கும் போட்டுவிட்டாலும் எண் கண்டபடி ஏறும். இதைத் திட்டமாக எடுக்கும் மாணவர்கள், முதலில் ஆளை ஆளாகப் பிரித்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

சூடு தெரிந்தால்

முதலில் செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஆணி முனை, கல், பிய்ந்த உள்தையல், அமுங்கிப்போன ரப்பர். அதே செருப்பை அன்று மறுபடி போட வேண்டாம். அந்த இடத்தில் காலாணி இருந்தால் மருத்துவமனையில் சீவிவிட வேண்டும். வீட்டில் பிளேடு எடுப்பதும், மருந்துக் கடையில் விற்கும் அமிலம் தடவிய ஆணிப் பிளாஸ்திரி ஒட்டுவதும் கூடவே கூடாது. அந்த அமிலத்துக்குத் தடித்த தோலும் நல்ல தோலும் ஒன்றுதான். மேட்டைச் சுற்றி ஃபெல்ட் துணி வெட்டி ஒட்டி அழுத்தத்தைப் பக்கத்துக்குத் தள்ளுவது மருத்துவர் செய்யக்கூடிய எளிய காரியம்.

நடையைப் பாதியாகவாவது குறைக்க வேண்டும். வேலைக்குப் போகாமல் எப்படி என்பார்கள், உண்மைதான். ஆனால் நாளில் எங்கே எத்தனை அடி போகிறது என்று போனில் பார்த்தால் குறைக்கக்கூடிய இடம் தெரியும். காலை நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தபடி கை உடற்பயிற்சி செய்யலாம். கடைக்கு வேறு யாராவது போகலாம். சர்க்கரையைக் குறைக்க நடக்கச் சொன்ன அதே மருத்துவர் இப்போது நடக்காதே என்கிறாரே என்று குழம்ப வேண்டாம். இது சில நாள், சில வாரத்துக்கான நிறுத்தம். இரண்டாம் நாளும் வித்தியாசம் நின்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு மேடு மட்டும் என்றில்லாமல் நடுப்பாதமோ கணுக்காலோ மொத்தமாகச் சூடாகி வீங்கியிருந்தால், புண் எதுவும் இல்லை என்றால், அது சார்கோ பாதமாக இருக்கலாம். எலும்புகள் உள்ளே நொறுங்கத் தொடங்கும் நிலை. ஆரம்பத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே வரும், அதை வைத்துச் சுளுக்கு என்று கட்டுப்போட்டு அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அன்றே காலைத் தரையில் ஊன்றுவதை நிறுத்த வேண்டும், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். காய்ச்சல், சீழ், நாற்றம், பரவும் சிவப்பு இருந்தால் வெப்பம் அளந்துகொண்டு வீட்டில் உட்காராமல் நேரே அவசரப் பிரிவுக்கு.

சார்கோவுக்கு முழங்காலுக்குக் கீழே பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டைப் பல மாதம் வைத்திருப்பார்கள். அதை எப்போது எடுக்கலாம் என்பதையும் இந்த வெப்பம்தான் பெருமளவு தீர்மானிக்கிறது. கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும், கழற்றிப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, இரண்டு பாதத்தையும் அளக்கிறார்கள். வித்தியாசம் 2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி அடுத்தடுத்த முறைகளிலும் அப்படியே நின்று, வீக்கமும் வடிந்த பிறகே தனிச்செருப்புக்கு மாற்றம்.

மேட்டில் வந்த சூடு இறங்கிய பிறகும் இதே பொறுமை வேண்டும். வித்தியாசம் 4 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வந்த அன்றே பழைய 5,000 அடிக்குப் போகாதீர்கள். முதலில் 2,500, பிறகு சில நாளைக்கு ஒருமுறை சில நூறு அடி கூட்டிக்கொண்டே போகலாம். மறுநாள் காலை அளக்கும்போது எண் ஏறியிருந்தால், முந்தைய அளவுக்கு இறங்கி அங்கேயே ஒரு வாரம் நில்லுங்கள்.